டூகோ, பட்டி, டிங்கர்

நம்மூர்ப் பழைய ஒர்க்‌ஷாப்களின் பெயர்ப்பலகையில் 'டிங்கரிங், டூகோ பெயிண்டிங்' என்று எழுதியிருக்கும். அடிபட்ட காரைக் கொண்டுவந்து விடுகிறவருக்கும் சரி, அதைத் தட்டி நிமிர்த்துகிறவருக்கும் சரி, டூகோ என்றால் கார் பெயிண்ட். உண்மையில் அது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1923இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு சரக்கின் வியாபாரப் பெயர். வனஸ்பதிக்கு டால்டா, நகலுக்கு ஜெராக்ஸ் என்று ஆனதுபோல இதுவும் ஆகிவிட்டது. அந்தச் சரக்கு பட்டறைகளை விட்டுப் போன பிறகும் பெயர் மட்டும் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு சொல்லுக்கு வயது இன்னும் அதிகம். இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்ச் சட்டி பானைகளின் ஓட்டையை அடைத்துக் கொடுத்தவருக்குத்தான் டிங்கர் என்று பெயர். வட இந்தியாவில் இந்த வேலையை 'டென்டிங் பெயிண்டிங்' என்கிறார்கள்; தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் டிங்கரிங். பொருத்தமான பெயர்தான். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசத் தெருவில் குரல் கொடுத்துப் போனவர் செய்ததையே காருக்குச் செய்த ஒரு காலமும் உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

வேலையின் அடிப்படை குயவர் வீட்டில் இருக்கிறது. பானையின் உள்ளே ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே பலகையால் தட்டித் தட்டி அவர் சுவரை மெலிதாக்குவார். டிங்கரும் தகட்டின் பின்புறம் டாலி என்ற இரும்புக் கட்டையைப் பிடித்து, முன்புறம் சுத்தியலால் தட்டுகிறார். அடி விழுந்த இடத்தில் தகடு வெறுமனே உள்ளே போவதில்லை, இழுபட்டு நீண்டும் போகிறது. நீண்ட தகட்டை எவ்வளவு தட்டினாலும் அது பழைய அளவில் அடங்காது; அப்பளம்போல ஓரிடம் புடைத்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கேஸ் சுடரால் சிறு புள்ளியைச் சிவக்கக் காய்ச்சி, தட்டி, ஈரத்துணியை வைத்து அணைப்பார்கள். இரும்பு சுருங்கிக்கொள்ளும். கடைசியில் கண்ணை நம்பாமல் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார்கள். கண்ணுக்குப் படாத மேடுபள்ளம் கைக்குத் தெரியும்.

இந்தத் தொழிலின் வரலாற்றை எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. வேலை நடந்த சுவடே தெரியக் கூடாது என்பதுதான் இங்கே நல்ல வேலைக்கு இலக்கணம். ஆகவே சுத்தியல் பிடித்தவர்களின் பெயர் எதுவும் ஏட்டில் இல்லை. பெயர் கிடைப்பதெல்லாம் பெயிண்டையும் அதைத் தெளிக்கும் கருவியையும் ஒட்டும் டேப்பையும் கண்டுபிடித்தவர்களுக்கே.

கார் வந்த புதிதில் அதன் கூடு குதிரை வண்டியின் கூடுதான். மரச்சட்டம், அதன்மேல் பலகையோ தகடோ. கட்டியவர்களும் கோச் வண்டி கட்டியவர்களே. சென்னையில் 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி கோச் வண்டிகள் கட்டிப் பேர் வாங்கியது. அதே சிம்சனில் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் 1903இல் ஒரு நீராவிக் காரைக் கட்டி ஓட்டினார். அன்றைய பூச்சு வேலை என்பது தூரிகையால் ஒரு கோட், அது காய்ந்தபின் நுரைக்கல்லால் தேய்ப்பு, மறுபடி ஒரு கோட், மேலே வார்னிஷ் என்று நீளும். எண்ணெய்ப் பூச்சு தன் இஷ்டத்துக்குத்தான் காயும். ஒரு வண்டி முடியப் பல வாரங்கள் ஆகும். அதுவரை தூசு படாமல் மூடிய கொட்டகையில் நிற்க வேண்டும்.

வாரக்கணக்கில் வண்டியைக் காயவைத்துக்கொண்டிருந்தால் ஆலை எப்படி ஓடும்? ஹென்றி போர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றார். கறுப்பு எனாமலை அடுப்பில் சுட்டால் சீக்கிரம் காய்ந்தது, விலையும் மலிவு. போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸ் வாடிக்கையாளருக்கு வண்ணம் காட்ட விரும்பியது. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் வேகமாகக் காயும் பெயிண்டுக்காகப் பல கதவுகளைத் தட்டினார்.

திறந்தது டூபாண்டின் கதவு. முதல் உலகப் போரில் நேச நாடுகளுக்கு வெடிமருந்து விற்ற கம்பெனி அது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்யும் நைட்ரோசெல்லுலோஸ்தான் அந்த வெடிமருந்தின் மூலம். அன்றைய சினிமா பிலிமும் அதே சரக்கு. போர் முடிந்ததும் அதற்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது. அதைக் கரைத்து, நிறம் சேர்த்து, தெளிக்கும் பதத்துக்குக் கொண்டுவந்ததுதான் டூகோ. ஓக்லேண்ட் என்ற கார் 1924 மாடலாக நீல நிறத்தில் அதைப் பூசிக்கொண்டு வந்தது. காய வாரக்கணக்கு போய் மணிக்கணக்கு ஆயிற்று. கெட்டரிங்கைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பெயிண்ட் வேகமாகக் காயாது என்று சாதித்த ஒருவரை அவர் மதிய உணவுக்கு அழைத்துப் போனாராம். திரும்பி வந்தபோது அந்த மனிதருக்குத் தன் காரையே அடையாளம் தெரியவில்லை. சாப்பிட்ட நேரத்தில் வேறு நிறம் அடித்துக் காயவைத்திருந்தார்கள். கதை நடந்ததோ இல்லையோ, அது சொல்லும் வேகம் உண்மை.

பழுதுபார்ப்பவருக்கு வேகத்தைவிட வேறொன்றுதான் பெரிய வரமாக வந்தது. அடுப்பில் சுட்ட எனாமலைத் தெருவோரப் பட்டறையில் திரும்பச் செய்ய முடியாது. டூகோ அப்படி அல்ல. அது தின்னர் பட்டால் மறுபடி கரையும். எனவே புதிதாக அடித்த கோட் பழைய கோட்டின் ஓரத்தைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். ஒரு கதவுக்கு மட்டும், ஒரு மூலைக்கு மட்டும் அடித்து, ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் ஒட்டு தெரியாது. ஒரு மரத்தடி, ஒரு கம்ப்ரஸர், ஒரு ஸ்ப்ரே கன் இருந்தால் கடை போடலாம் என்ற நிலைமை அதனால்தான் வந்தது.

அந்த ஸ்ப்ரே கன்னும் ஒரு டாக்டரின் வீட்டிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் நோயாளிகளின் தொண்டையில் மருந்து தெளிக்க ஒரு கருவி செய்தார். அவருடைய மகன் அதே உத்தியைப் பெயிண்டுக்குக் கொண்டுவந்தார். காற்றழுத்தம் திரவத்தைத் துகளாக உடைக்கிறது. மருந்தானால் என்ன, பெயிண்டானால் என்ன?

கார் தேய்க்கும் வாட்டர் பேப்பரும் ஓரத்தில் ஒட்டும் மாஸ்கிங் டேப்பும் இப்போது உலகமறிந்த 3எம் கம்பெனியின் சரக்கு. உலர்ந்த பேப்பரால் தேய்த்தபோது எழுந்த பெயிண்ட் தூசியில் ஈயம் இருந்தது. அது தொழிலாளியின் உடம்புக்குள் போனது. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் பேப்பர் 1921இல் வந்து தூசியை அடக்கியது. அதைச் சோதித்துப் பார்க்கக் கார் பட்டறைகளுக்குப் போய்வந்த இளைஞர் ரிச்சர்ட் டிரூ. அப்போது இரட்டை நிறக் கார் புது மோகம். ஒரு நிறத்தை மறைத்து இன்னொன்றை அடிக்க, செய்தித்தாளைப் பசையும் பிளாஸ்திரியும் கொண்டு ஒட்டினார்கள். பிய்க்கும்போது புதுப் பெயிண்டும் கூடவே வந்தது. பெயிண்டர் வாய்விட்டுத் திட்டியதைக் கேட்ட டிரூ இரண்டு வருடம் மெனக்கெட்டு, பிய்த்தால் சுவடில்லாமல் வரும் டேப்பை 1925இல் செய்துகொடுத்தார். பெயர் தெரியாத ஒரு பெயிண்டரின் வசவுக்கு வரலாற்றில் இவ்வளவு பலன்.

இனி ஈயம். தட்டி நிமிர்த்தியும் மிஞ்சும் பள்ளத்தை நிரப்ப முன்பு ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையைத்தான் வைத்தார்கள். வழக்கமான கணக்கு எழுபதுக்கு முப்பது. தகட்டைச் சுத்தம் செய்து, முதலில் மெல்ல ஈயம் பூசி, பிறகு கலவையைச் சுடரில் இளக்கி, வெண்ணெய்ப் பதத்தில் மரக்கரண்டியால் தடவ வேண்டும். சூடு ஒரு நொடி கூடினால் கலவை தரையில் கிடக்கும். தெருவில் வந்த ஈயக்காரர் நவச்சாரமும் துணியுமாகச் செய்ததன் அண்ணன் வேலை இது. 1950களில் அமெரிக்காவில் பாலியெஸ்டர் பிசினில் டால்க் மாவைக் கலந்து ஒரு பசை வந்தது. கொஞ்சம் ஹார்ட்னர் சேர்த்தால் நிமிடக்கணக்கில் கல்லாகும். நம் பட்டறைகளில் அதன் பெயர் பட்டி. அதற்கு மேலே சன்னமாக இழுக்கும் என்.சி. பட்டியின் 'என்.சி.' நைட்ரோசெல்லுலோஸ்; பழைய டூகோவின் ரத்த உறவு.

பட்டி வந்ததால் வேலை சுலபமானது, கொஞ்சம் கெட்டும் போனது. ஈயம் பிடிக்கத் தகடு ஏறக்குறைய சரியாக நிமிர்ந்திருக்க வேண்டும். பட்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அரைகுறையாகத் தட்டி, விரல் தடிமனுக்குப் பட்டி அப்பி, மேலே பெயிண்ட் அடித்தால் டெலிவரி எடுக்கும் நாளில் கார் கண்ணாடிபோல இருக்கும். இரண்டு மழைக்காலம் போனால் பெயர்ந்து விழும்.

இந்தியாவில் டிங்கருக்குப் பொற்காலம் தந்தது பற்றாக்குறை. அம்பாசடர், பியட், சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல்விட்டு எண்ணும் கார்கள். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்படி வந்த காரை மரத்தில் மோதியதற்காக யாரும் கைகழுவ மாட்டார்கள். புது மட்கார்டு கிடைப்பது அரிது, எனவே பழையதையே தட்டினார்கள். அல்லது சென்னை புதுப்பேட்டைக்குப் போய், பிரித்துப் போட்ட வேறொரு காரின் கதவை வாங்கிவந்து மாட்டினார்கள். 1961 முதல் சுமார் பத்தாண்டு வந்த ஹெரால்டு டிங்கருக்குப் பிடித்த வண்டியாக இருந்திருக்க வேண்டும். அதற்குத் தனி சேஸிஸ். கூடு பகுதி பகுதியாகப் போல்ட்டில் நிற்கும். முன்பக்கம் முழுதும் ஒரே மூடியாக முன்னால் சாயும்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அம்பாசடரின் எடையில் ஏறக்குறைய பாதிதான் இருந்தது. மெல்லிய தகடு, கேஸ் சுடரைக் காட்டினால் சட்டென்று நெளியும். கனமான சுத்தியலுக்குப் பழகிய கைகள் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. அடுத்து பிளாஸ்டிக் பம்பர் வந்தது. அதில் தட்ட ஒன்றுமே இல்லை.

பெயிண்டும் மாறியது. நிறத்துக்கு ஒரு கோட், மேலே ஹார்ட்னர் கலந்த கிளியர் கோட். பளபளப்புக்கு ரப்பிங் தேவையில்லை, வெயிலும் தாங்கும். ஆனால் அந்த ஹார்ட்னரில் இருப்பது ஐசோசயனேட் வகை ரசாயனம். போபாலில் கசிந்த வாயு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. இது வேறு உறுப்பினர், என்றாலும் நுரையீரலுக்கு ஆகாது. ஸ்ப்ரே பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று வரும் முகமூடி வேண்டும். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிப்பது எந்தப் பாதுகாப்பும் தராது. ஈயத் தூசிக்குத் தண்ணீர்ப் பேப்பரால் தீர்வு கண்ட ஒரு தொழிலில், இந்தப் பிரச்சினை சின்னப் பட்டறைகளில் இன்னும் தீராமல் இருப்பது அவமானம்.

இன்று தட்டுவதா மாற்றுவதா என்பதைப் பெரும்பாலும் இன்சூரன்ஸ் சர்வேயர் தீர்மானிக்கிறார். சாதாரண பாலிசியில் பெயிண்ட் சாமானின் விலையில் 50 சதவீதமும், பிளாஸ்டிக் பாகத்தின் விலையில் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழியும். தேய்மானம் கழிக்காத பாலிசி எடுத்தவருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் புதுக் கதவையே கேட்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

செகண்ட் ஹேண்ட் கார் வியாபாரியின் சட்டைப்பையில் இப்போது தீப்பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர் இருக்கிறது. தகட்டின்மேல் வைத்தால் பெயிண்டின் தடிமனை மைக்ரானில் காட்டும். கம்பெனி பூச்சு பெரும்பாலும் 100 முதல் 150க்குள் நிற்கும். அடித்துப் பூசிய கதவு என்றால் எண் இரட்டிப்பாகும். பட்டி இருந்தால் ஆயிரத்தைத் தொடும். உள்ளங்கைக்கும் கண்ணுக்கும் தப்பிய வேலையை அது ஒரு நொடியில் காட்டிக்கொடுக்கிறது. உடனே காரின் விலை இறங்குகிறது.