கற்பனைக் கோடும் காலாட்படையும்



அட்சரேகை என்பது நிலப்படத்தில் மட்டுமே காணப்படும் கற்பனைக் கோடு என்று வகுப்பில் கற்பிக்கிறோம். அத்தகைய கோடொன்று ஒரு நாட்டையே பிளந்த வரலாற்றையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

1945 ஆகஸ்ட் 10ஆம் நாள் இரவு. ஜப்பான் சரணடையும் தறுவாயில் இருந்தது. அதன் பிடியிலிருந்த கொரியாவில் சோவியத் படை எதுவரை வரலாம், அமெரிக்கப் படை எங்கு நிற்கலாம் என்று வகுக்கும் பணி வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்ல்ஸ் போன்ஸ்டீல் என்னும் இரு இராணுவ அதிகாரிகளிடம் வந்தது. அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் ஏறத்தாழ அரை மணி நேரம்; கையிலிருந்தது நேஷனல் ஜியாகிரஃபிக் நிலப்படம். தலைநகர் சோல் அமெரிக்கப் பகுதியில் அமைய வேண்டுமெனக் கருதி 38ஆம் வட அட்சரேகையைத் தேர்ந்தனர். சோவியத்தும் இசைந்தது. கொரிய மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. ஆறுகளையும் மலைகளையும் ஊர்களையும் அக்கோடு குறுக்கே வெட்டிச் சென்றது.

1950 ஜூன் 25இல் வடகொரியப் படை அந்த ரேகையைக் கடந்து தெற்கே பாய்ந்தது. ஜப்பானிலிருந்து விரைந்து அனுப்பப்பட்ட அமெரிக்க 21ஆம் காலாட்படை ரெஜிமெண்டின் முதல் பட்டாளத்தினர், ஜூலை 5இல் ஓசான் அருகே பீரங்கிப் படையின் துணையுடன் அதனை எதிர்த்து நின்றனர். அவர்களுடைய பழைய பசூக்காக்களால் எதிரியின் டாங்கிகளைத் துளைக்க இயலவில்லை. சில மணி நேரத்தில் பின்வாங்க நேர்ந்தது.

பின்னர்ப் போரின் போக்கு மாறியது. அக்டோபர் 1ஆம் நாள் தென்கொரியாவின் 23ஆம் ரெஜிமெண்ட் கிழக்குக் கரையில் ரேகையைத் தாண்டி வடக்கே சென்றது. அந்நாளே இன்றும் தென்கொரியாவின் படைவீரர் நாளாகும்.

சீனா போரில் இறங்கியதும் நிலை மீண்டும் தலைகீழானது. 1951 ஏப்ரலில், ரேகைக்குச் சற்றுத் தெற்கே ஓடும் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் குளோஸ்டர்ஷயர் ரெஜிமெண்டின் முதல் பட்டாளம் சூழப்பட்டது. 1801இல் அலெக்சாந்திரியாவில் முதுகோடு முதுகு சேர்த்து நின்று போரிட்டதன் நினைவாகத் தொப்பியின் பின்புறத்திலும் சின்னம் அணியும் படை அது. 235ஆம் குன்றில் அவர்கள் இறுதிவரை நின்று போரிட்டனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர்.

1953 ஜூலை 27இல் போர் நிறுத்தம் கையெழுத்தானது. புதிய எல்லை அட்சரேகையைப் பின்பற்றவில்லை. படைகள் நின்ற இடமே எல்லையாயிற்று. மேற்கே அது ரேகைக்குத் தெற்கிலும் கிழக்கே வடக்கிலும் செல்கிறது. அதனால் முன்பு தெற்கிலிருந்த கேசாங் வடகொரியாவுக்குச் சென்றது. வடக்கிலிருந்த யாங்யாங் தென்கொரியாவுக்கு வந்தது. ஊர்கள் நகரவில்லை, ஊராரின் நாடுதான் மாறியது. பிரிந்த குடும்பங்கள் பல இன்றளவும் ஒன்று சேரவில்லை.

புவியியல் பாடத்தில் அட்சரேகைகளைக் கற்பிக்கும்போது இவ்விரு கோடுகளையும் ஒரே படத்தில் வரையச் சொல்லுங்கள். அவற்றிற்கு இடைப்பட்ட நிலம் யாருடைய உயிரால் கைமாறியது என்பதையும் மாணவர் எண்ணிப் பார்க்கட்டும்.