கிணறும் அரிவாளும்: ‘நல்லதங்காள்’ வாதத்தின் பூர்வீகம்

கணவன் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்தவள் தான் மட்டும் பிழைத்துவிட்டால், அவள் கொலைகாரியா? 1989-இல் பதிவான சுயம்புக்கனி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு ‘இல்லை’ என்று அளித்த விடையே இன்றும் முன்மாதிரி. விக்கிரவாண்டிப் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்து, விழுப்புரம் அமர்வு நீதிமன்றம் தண்டித்தால், மேல்முறையீட்டில் வழக்கறிஞர் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 300-ஆம் பிரிவின் முதல் விதிவிலக்கு, சினமூட்டல் கடுமையாகவும் திடீரெனவும் நேர வேண்டும் என்றது. பல நாள் சிறிதும் பெரிதுமாகச் சேர்ந்த கொடுமை வேறு வகை என்றும், அதில் கடைசிச் செயல் அற்பமாகக்கூட இருக்கலாம் என்றும், இது நீதிமன்றங்களே சேர்த்த விதிவிலக்கு என்றும் சுயம்புக்கனி வழக்கில் உயர் நீதிமன்றம் ஒளிக்காமல் சொன்னது. அதில் எனக்கு மறுப்பில்லை. அந்தத் தீர்ப்பைத் தொட்டு வளர்ந்த ‘நல்லதங்காள் நோய்க்குறி’ என்ற வாசிப்பைத்தான் மறுக்கிறேன். சட்ட உரையாசிரியர்கள் அதை, 1979-இல் லெனோர் வாக்கர் நூலாக்கிய ‘அடிபட்ட பெண்’ கோட்பாட்டின் இந்திய வடிவமாகவே எழுதிவருகிறார்கள்.

நல்லதங்காள் கதைப்பாடல் அதற்கு இடம் தரவில்லை. நல்லதங்காளை மானாமதுரையிலிருந்து கிளப்பியது பஞ்சம். கணவன் காசிராசன் அல்ல. ஏழு பிள்ளைகளோடு அர்ச்சுனாபுரத்துத் தாய்வீட்டுக்கு வந்தவளைப் பட்டினி போட்டவள் அண்ணி மூளி அலங்காரி. கதையில் நான் திரும்பத் திரும்ப நின்று படிக்கும் இடம், அவள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும்போது மூத்த மகன் உயிருக்கு மன்றாடித் தப்பி ஓடும் இடம். சாக மறுக்கும் பிள்ளையின் குரல் கதைப்பாடலில் கேட்கிறது. ‘நோய்க்குறி’ வாதத்தில் அதற்கு இடமில்லை. கதைப்பாடலின் காலத்தை அறுதியிட முடியாது. வாய்மொழியில் நெடுங்காலம் புழங்கிப் பிறகே அச்சேறியது. கதைக்கு நெருங்கிய வழக்கு வேண்டுமென்றால் 1953-இன் கியார்சிபாய் வழக்கைச் சொல்லலாம். நாத்தனாரோடு ஓயாத சண்டை. மூன்று பிள்ளைகளோடு கிணறு. மத்திய பாரத உயர் நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்த்தது.

என் கணிப்பில், சேர்ந்த சினமூட்டலைக் கணக்கில் கொள்ளும் வாதத்தின் மூதாதை 1881-இன் போயா முனிகாடு வழக்கு. மனைவியை இன்னொருவனோடு கண்ட கணவன், மறுநாள் இருவரும் சேர்ந்து உண்பதைப் பார்த்து அவனை வெட்டினான். முதல் நாள் கண்டதையும் மறுநாள் பார்த்ததையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றது இதே சென்னை உயர் நீதிமன்றம். 1961-இல், மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற நானாவதியின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் முன்நிகழ்வுகள் மனத்தில் உண்டாக்கிய நிலையைக் கணக்கில் கொள்ளலாம் என்றது. ஆனால் ஆறப் போதிய நேரம் இருந்தது என்று தண்டனையை உறுதிசெய்தது. கணவனின் மானத்துக்காகப் பிறந்த சலுகை நூறாண்டு கழித்தே மனைவியை எட்டியது.

இனிச் சொல்வது ஊகம். ஆனாலும் அழுத்திச் சொல்வேன். சினமூட்டியவரோ, தவறுதலாக வேறொருவரோ இறந்தால்தான் முதல் விதிவிலக்கு பொருந்தும். பிள்ளைகள் எந்தச் சினத்தையும் மூட்டவில்லை. சட்ட வாசகம் கைவிட்ட அந்த இடத்தைக் கதை நிரப்பியது. விளைவு, இரக்கத்துக்குத் தகுதி தானும் சாகத் துணிவது என்றாகிவிட்டது. அடித்த கணவனையே திருப்பி அடித்துக் கொன்றவளுக்கு அந்த விதிவிலக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். அவளை யாரும் நல்லதங்காள் என்பதில்லை. 2013-இல் கவுகாத்தி உயர் நீதிமன்றம் அத்தகைய ஒருத்தியின் குற்றத்தைக் குறைத்தபோது கைக்கொண்டது ‘அடிபட்ட பெண்’ கோட்பாட்டை. இங்கிலாந்தில் 1992-இல் கணவனைக் கொன்ற கிரண்ஜித் அலுவாலியாவின் தண்டனை ரத்தானதும் சினமூட்டல் வாதத்தால் அல்ல, மனநிலைச் சான்றால்.

2024 ஜூலை 1 முதல் அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 101-ஆம் பிரிவு ‘கடுமையான, திடீர்’ என்ற நிபந்தனையை அப்படியே வைத்துக்கொண்டது. நீதிமன்றங்கள் சேர்த்த விதிவிலக்கு இன்னும் சட்ட ஏட்டில் ஏறவில்லை. அதுவரை, இந்தப் பெண்களுக்காக வாதாடுவோர் கதைப்பாடலைவிட 1881-இன் தீர்ப்பை எடுத்து வைப்பது பலம். கணவனுக்கு அன்று தந்த கணக்கை மனைவிக்கு ஏன் மறுக்க வேண்டும் என்று அங்கே கேட்கலாம். பிள்ளைகளின் சாவுக்கு அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பது மட்டும் தீராமலே நிற்கிறது.