கிழவியின் கஷாயமும் டாக்டரின் கணக்கும்

இதய மருந்துகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் ‘மதர் ஹட்டன்’ என்றொரு கிழவி வந்து நிற்பார். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் கிராமத்து மூலிகைக்காரி. டாக்டர்கள் கைவிட்ட நோயாளிகளை ஒரு கஷாயம் கொடுத்துக் குணப்படுத்தியவர். வில்லியம் வித்தரிங் என்ற டாக்டர் அவரைத் தேடிப்போய் ரகசியத்தைக் கேட்டு வாங்கினார், உலகத்துக்கு டிஜிட்டாலிஸ் கிடைத்தது. நல்ல கதைதான். சிக்கல் என்னவென்றால், அப்படி ஒரு ஹட்டன் இருந்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. அந்தப் பெயர் முளைத்தது 1928இல், பார்க்-டேவிஸ் என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் விளம்பரத்தில். வித்தரிங் இறந்து 129 வருஷம் கழித்து!

ஆனால் ஒரு கிழவி இருந்தார். அதை வித்தரிங்கே எழுதியிருக்கிறார். 1775இல் ஒரு குடும்ப மருந்துக் குறிப்பைப் பற்றி அவரிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். உடம்பில் நீர் கோத்துக்கொண்டு காலும் வயிறும் வீங்கும் நோய்க்கான மருந்து அது. அன்றைக்கு அதை ‘ட்ராப்சி’ என்பார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி அதை வெகுகாலம் ரகசியமாக வைத்திருந்தார் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவ்வளவுதான். பெயர் இல்லை, ஊர் இல்லை. அவரை நேரில் பார்த்ததாகவும் வித்தரிங் எழுதவில்லை.

கஷாயத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள். குடித்தவர்களுக்குக் கடுமையான வாந்தியும் பேதியும் வரும். வித்தரிங் டாக்டர் மட்டுமல்ல, தாவரவியலாளரும்கூட. அடுத்த வருஷமே பிரிட்டனின் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டவர். அந்த இருபதில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவாகத்தான் இருக்க முடியும் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். ஊதா நிறத்தில் விரலுறை மாதிரி தொங்கும் பூ. 1542இலேயே ஃபுக்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் அதனால்தான் ‘விரல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து டிஜிட்டாலிஸ் என்று பெயர் வைத்தார்.

கதையை வழக்கமாக இங்கேயே முடித்துவிடுவார்கள். மூலிகையை அடையாளம் கண்டாயிற்று, மருந்து கிடைத்தாயிற்று. என் பார்வையில் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பர்மிங்ஹாமில் வித்தரிங் தினமும் ஒரு மணி நேரம் ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். வருஷத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் பேர் வருவார்களாம். புது மருந்தை அவர்களிடம்தான் முதலில் கொடுத்துப் பார்த்தார். சிறுநீர் பிரிந்தது, வீக்கம் வடிந்தது. கூடவே, நீண்டகாலம் வரை அளவுக்கு மிக அதிகமாகக் கொடுத்ததாகவும், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் போனதாகவும் அவரே ஒப்புக்கொள்கிறார். அதாவது, சரியான அளவு எது என்று அவர் கற்றுக்கொண்டது அந்த ஏழைகளின் உடம்பில். இதைப் படிக்கும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. மருந்தியல் வரலாற்றில் இந்தச் சங்கடம் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் பத்து வருஷம் அவர் ஒரு காரியத்தை விடாமல் செய்தார். எழுதி வைத்தார். வேர் வேண்டாம், இலைதான் நம்பகமானது. அந்த இலையின் வீரியமும் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் பூக்கும் சமயத்தில் பறித்தது மட்டும். காய்ச்சினால் வீரியம் ஏறி இறங்குகிறது, உலர்த்திப் பொடித்தால் அளவு நிற்கிறது. இப்படி ஒவ்வொன்றாக. 1785இல் வெளிவந்த அவருடைய நூலில் அவரே பார்த்த 163 நோயாளிகளின் விவரம் இருக்கிறது. பிழைத்தவர், பிழைக்காதவர், வாந்தி எடுத்து நொந்தவர், பொருளெல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிகிறது என்றவர் என எல்லாரும் வருடவாரியாக வருகிறார்கள். வெற்றிகளை மட்டும் பொறுக்கிப் போட்டிருந்தால் மருந்துக்கும் தனக்கும் நல்ல பேர் கிடைத்திருக்கும், ஆனால் உண்மை அதை ஏற்காது என்ற பொருளில் முன்னுரையில் எழுதுகிறார். இன்றைக்கு மருந்துச் சோதனைகளைப் பற்றி நாம் போடும் சண்டையில் பாதி இந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான்.

கடைசியில் அவர் வந்து சேர்ந்த விதி ரொம்ப எளிமையானது. சிறுநீரகம், வயிறு, நாடித்துடிப்பு, குடல் ஆகிய நான்கில் எதிலாவது மருந்தின் வேலை தெரியும்வரை கொடு. தெரிந்த அந்தக் கணமே நிறுத்து. கிழவியின் கஷாயத்துக்கும் வித்தரிங்கின் பொடிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ‘நிறுத்து’தான். வாந்தியும் பேதியும் மருந்து பிடித்ததற்கான அடையாளம் அல்ல, எல்லை மீறியதற்கான எச்சரிக்கை என்று அவர் புரிந்துகொண்டார்.

பெருமை யாருக்கு என்று ஒரு சண்டையும் நடந்தது. சார்லஸ் டார்வினின் தாத்தா எராஸ்மஸ் டார்வினும் டாக்டர். 1776இல் அவர் கவனித்துவந்த ஒரு நோயாளிக்கு ஃபாக்ஸ்குளோவைப் பரிந்துரைத்தவர் வித்தரிங். ஆனால் 1780இல், இறந்துபோன தன் மகனின் ஆய்வேட்டை வெளியிட்ட எராஸ்மஸ், அதன் பின்னிணைப்பில் ஃபாக்ஸ்குளோவ் பற்றி எழுதியபோது வித்தரிங்கின் பெயரையே விட்டுவிட்டார். இரண்டு கனவான்களும் முதலில் சொன்னது யார் என்று மல்லுக்கு நின்றார்கள். கிழவியின் பெயரைக் கேட்டு எழுதிவைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

மருந்து உண்மையில் என்ன செய்கிறது என்பது விளங்க இன்னும் வெகுகாலம் ஆனது. 1930இல் கம்பளி ஃபாக்ஸ்குளோவ் என்ற வேறொரு இனத்திலிருந்து டிகாக்சினைத் தனியே பிரித்தார்கள். நம் செல்களின் சவ்வில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு இருக்கிறது. 1957இல் அதைக் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவுக்கு நோபல் கிடைத்தது 1997இல்தான். டிகாக்சின் அந்தப் பம்பை அடைக்கிறது. செல்லுக்குள் சோடியம் ஏறுகிறது, அதன் விளைவாகக் கால்சியமும் ஏறுகிறது, இதயத் தசை வலுவாகச் சுருங்குகிறது. இன்னொரு பக்கம், வேகஸ் நரம்பின் வழியே துடிப்பின் வேகம் குறைகிறது. கொஞ்சம் கூடினால் அதே கால்சியம் துடிப்பின் தாளத்தையே குலைத்துவிடும். மருந்து வேலை செய்யும் அளவும் ஆளைக் கொல்லும் அளவும் பக்கத்துப் பக்கத்து வீடு. 1997இல் வெளியான, 6800 பேர் பங்கேற்ற பெரிய சோதனை இன்னொன்றையும் சொன்னது. இதயம் பலவீனமானவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதை டிகாக்சின் குறைக்கிறது, ஆனால் மொத்த இறப்பைக் குறைக்கவில்லை.

இதே குடும்பத்து வேதிப்பொருள் நம் ஊரிலும் இருக்கிறது. பூஜைக்குப் பறிக்கும் செவ்வரளியிலும், தென்னமெரிக்கப் பக்கமிருந்து அழகுக்காக வந்து வேலியோரம் குடியேறிய மஞ்சள் அரளியிலும். நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் அரளியை வளர்ப்பதற்கு ஒரு காரணம், ஆடுமாடு அதில் வாய் வைக்காது. சமஸ்கிருத நாடகமான ‘மிருச்சகடிக’த்தில் கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லப்படும் சாருதத்தனின் கழுத்தில் கிடப்பது அரளி மாலை. இந்தச் செடி என்ன செய்யும் என்பது இங்கே யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. இருந்தும் “நாட்டு மருந்துதானே, ஒண்ணும் பண்ணாது” என்ற பேச்சு நிற்கவில்லை. இயற்கை என்பதாலேயே ஒன்று சாதுவாகிவிடும் என்றால், அரளியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் 1988இல் மஞ்சள் அரளி நச்சுக்கு ஆளான 170 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். போருக்கு நடுவிலும் கணக்கு எழுதியவர்கள் அவர்கள். இன்னொரு பக்கம், டிகாக்சின் மிகைக்கு முறிவாக ஆட்டின் உடலில் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதம் 1970களிலேயே வந்துவிட்டிருந்தது. மூலக்கூறுகள் உறவுக்காரர்கள் என்பதால் அந்த முறிவு அரளி நச்சுக்கும் கேட்கும் என்பதை இலங்கையில் நடந்த ஒரு சோதனை 2000ஆம் ஆண்டு காட்டியது. ஆனால் விலை கட்டுப்படியாகாமல் சில வருஷத்தில் அது அங்கே கிடைக்காமல் போனது. இறப்பு விகிதம் மறுபடி ஏறியது. அறிவு இருந்தது, கணக்கு இருந்தது, காசு இல்லை.

அதனால் வித்தரிங்கை மகானாக்கவோ, கிழவியிடமிருந்து திருடியவர் என்று முத்திரை குத்தவோ எனக்கு விருப்பமில்லை. கிழவிக்குச் செடி தெரிந்திருந்தது. அது பெரிய அறிவு, அதற்குரிய பெயர் நிற்காமல் போனது அநியாயம். ஆனால் அவருடைய கஷாயத்தைக் குடித்துச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது ரகசியம். வித்தரிங்கிடம் செத்தவர்களைப் பற்றி நமக்குத் தெரியும். அடுத்த நோயாளிக்கு எத்தனை நாள் கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அந்தப் பக்கங்களைப் பார்த்துத்தான் மற்ற டாக்டர்கள் தெரிந்துகொண்டார்கள்.