33550336: ஐந்தாம் நிறைவெண்ணின் இயல்பும் வகைப்பாடும்

1. வரையறை

ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பன அதன் வகுத்திகள். அவற்றுள் அவ்வெண் நீங்கலாக எஞ்சுவனவற்றைத் தகுவகுத்திகள் என்போம். தகுவகுத்திகளின் கூடுதல் எண்ணினும் சிறிதாயின் அது குறைவெண், பெரிதாயின் மிகையெண், சமமாயின் நிறைவெண். 8 குறைவெண் (1+2+4=7); 12 மிகையெண் (1+2+3+4+6=16); 6 நிறைவெண் (1+2+3=6). மூன்றாம் வகை மிக அரிது. ஒரு கோடிக்குள் 6, 28, 496, 8128 ஆகிய நான்கே உள. ஐந்தாவது, மூன்று கோடியையும் தாண்டி நிற்கும் 3,35,50,336.

2. ஆக்கம்

1 தொடங்கி இரட்டித்துச் செல்லும் எண்களைக் கூட்டிவருகையில் கூடுதல் பகா எண்ணாக அமைந்தால், அதனைக் கடைசியாகச் சேர்த்த எண்ணால் பெருக்க நிறைவெண் பிறக்கும் என்று யூக்ளிட் நிறுவினார். 1+2+4+…+4096 = 8191; 8191×4096 = 33550336. இதன் வகுத்திகள் இரு குழுவின: இரட்டிப்பு எண்கள் 13, அவற்றின் 8191 மடங்குகள் 13. முதற்குழுவின் கூடுதல் 8191. இரண்டாவதன் கூடுதல் 8191×8191. இரண்டும் சேர 8191×8192, அதாவது நம் எண்ணின் இருமடங்கு. எண்ணையே கழித்தால் எஞ்சுவதும் அதுவே.

எல்லாம் 8191 பகா எண் என்பதைப் பற்றி நிற்கின்றன. அதன் வர்க்கமூலம் 91க்குள் அடங்குவதால் 24 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஃபெர்மா கண்ட விதி இவ்வுழைப்பையும் குறைக்கிறது: 8191 என்பது 2இன் 13ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது, ஆதலால் அதன் பகா வகுத்தி எதுவும் 26ஆல் வகுபடும்போது 1 மீதி தரவேண்டும். அவ்வெல்லைக்குள் அத்தகையவை 53, 79 இரண்டே. மீதிகள் முறையே 29, 54. ஐயம் தீர்ந்தது.

அடுக்கு பகா எண்ணாய் இருந்தால் மட்டும் போதாது. 11ஆம் அடுக்கு தரும் 2047, 23×89 எனப் பிளந்துவிடுகிறது. 1536இல் கணித அறிஞர் ரெகியுஸ் இப்பிளவையும் ஐந்தாம் நிறைவெண்ணையும் தம் நூலில் வெளியிட்டார்.

3. இயல்புகளின் வகை

இயல்புகளை எண்ணுக்கு உரியவை, எழுத்துமுறைக்கு உரியவை எனப் பிரிப்பது இன்றியமையாதது. பலர் இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்துவிடுகின்றனர்.

முதல்வகை: 1 முதல் 8191 வரை கூட்டினால் இவ்வெண் வரும்; ஆகவே இது முக்கோண எண். 1 முதல் 127 வரையுள்ள ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே. வகுத்திகளின் தலைகீழ்களது கூடுதல் 2. வகுத்திகளின் இசைச் சராசரி 13.

இரண்டாம் வகை: பதின்ம முறையில் இலக்கங்களின் கூடுதல் 28, அதுவும் ஒரு நிறைவெண்! கண்ணைக் கவர்வதே ஒழியக் காரணம் பாதிதான் உண்டு. 6 ஒழிந்த இரட்டை நிறைவெண்கள் அனைத்தும் 9ஆல் வகுக்க 1 மீதி தருவன. ஆகவே கூடுதல் 19ஆகவோ 37ஆகவோ இருந்திருக்கலாம். 28 ஆனது தற்செயல். இரும முறையிலோ பதின்மூன்று ஒன்றுகளும் பன்னிரண்டு சுழியங்களும் வரிசையாய் நிற்கும். இங்கே எழுத்துமுறை ஆக்கத்தையே காட்டிவிடுகிறது.

4. ஒரு பழைய ஊகம்

நிறைவெண்கள் இலக்க எண்ணிக்கையில் ஒவ்வொன்றாய் உயரும், இறுதி இலக்கம் 6, 8 என மாறிமாறி வரும் என்று பண்டைக் கணித அறிஞர் நிக்கோமாக்கஸ் கருதினார். முதல் நான்கும் அவ்வாறே அமைந்தன. ஐந்தாவதில் எட்டு இலக்கங்கள் வந்து முதற்கூற்று வீழ்ந்தது. ஆறாவதான 8589869056உம் 6இல் முடிந்து இரண்டாவதையும் வீழ்த்தியது. பகாக் காரணியைத் தரும் 2இன் அடுக்கு 4ஆல் வகுக்க 1 மீதி தந்தால் இறுதி 6. 3 மீதி தந்தால் 8. ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் உரிய 13, 17 ஆகிய அடுக்குகள் ஒருங்கே 1 மீதி தருகின்றன.