கல்நார்த் தூசும் அரசின் விதிகளும்: 1931ஆம் ஆண்டுப் பிரித்தானிய ஒழுங்குவிதிகள் பற்றிய ஒரு நோக்கு

தொழிற்சட்டங்களின் வரலாற்றை, அரசின் மனிதாபிமானம் படிப்படியாக விழிப்புற்ற கதையாக எழுதும் மரபொன்று உண்டு. விஞ்ஞானம் ஆபத்தைக் கண்டறிகிறது, அரசு விதி இயற்றுகிறது, தொழிலாளர் காக்கப்படுகின்றனர். அஸ்பெஸ்டஸ் எனப்படும் கல்நாரின் தூசு தொடர்பாகப் பிரித்தானியா 1931இல் இயற்றிய ஒழுங்குவிதிகள் இக்கதைக்குள் எளிதில் அடங்குவன அல்ல.

அறிவுக்கு அங்கு பஞ்சமிருக்கவில்லை. பெண் தொழிற்சாலைப் பரிசோதகர்களுள் ஒருவரான லூசி டீன், கல்நார்த் தூசின் தீங்கினை 1898ஆம் ஆண்டின் அறிக்கையிலேயே பதிவு செய்திருந்தார். (இத்தகைய பரிசோதகர்களின் அறிக்கைகளிலிருந்தே மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் தொழிலாள் நாள் பற்றிய அதிகாரத்துக்குச் சான்றுகள் திரட்டினார், அரசின் ஏடுகள் அரசுக்கு எதிராகவே பேசுவது புதிதன்று.) 1906இல் நட்டஈடு பற்றிய அரசாங்கக் குழுவின் முன் மருத்துவர் மொன்ரேகு மறே சாட்சியமளித்தார். கல்நார் ஆலையில் பதினான்கு ஆண்டுகள் உழைத்து இறந்த ஒரு நோயாளியைப் பற்றியது அச்சாட்சியம். தன்னுடன் ஒரே அறையில் வேலைசெய்த பத்துப் பேருள் தானே எஞ்சியவன் என அவன் கூறியிருந்தான். அவ்விறப்பின் பின்னும் குழு கல்நாரை நட்டஈட்டுப் பட்டியலிற் சேர்க்கவில்லை.

இவ்விடுபாட்டின் விலையை றொச்டேல் நகரின் நெல்லி கேர்ஷோவின் முடிவு காட்டுகிறது. ரேர்னர் சகோதரர் ஆலையில் கல்நார் நூற்றவர் அவர். நோயுற்றபோது, இது தொழிலால் வந்த நோய் என்று தேசிய நலக் காப்புறுதி உதவ மறுத்தது. இத்தகைய நோய் சட்டப் பட்டியலில் இல்லை என்று நிறுவனம் மறுத்தது. இருவேறு விதிகளின் இடைவெளியில் வீழ்ந்த அப்பெண் 1924இல், முப்பத்துமூன்றாம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த குக் என்பாரே பின்னர் அந்நோய்க்கு 'அஸ்பெஸ்டோசிஸ்' எனப் பெயரிட்டார்.

1930இல் மெரிவெதரும் பிறைஸும் அளித்த அறிக்கை மறுக்கவொண்ணாதது. சோதிக்கப்பட்ட 363 தொழிலாளருள் நான்கில் ஒருவருக்கு மேல் நோய்க்குறி இருந்தது; இருபதாண்டு உழைத்தோரிடையே ஐந்தில் நால்வருக்கு. மறு ஆண்டு விதிகள் வந்தன. தூசை உறிஞ்சி அகற்றும் காற்றோட்டம், மருத்துவப் பரிசோதனை, நட்டஈடு ஆகியவை சட்டமாயின. இவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும், எவ்வளவு தூசு ஆபத்தானது? இக்கேள்விக்குரிய விடை உடற்கூற்றிலிருந்து மட்டும் வரவில்லை. ஆலை உரிமையாளருடன் நடந்த பேச்சுவார்த்தையிலும் உருவாயிற்று. உறிஞ்சும் வசதியின்றி நடைபெறும் ஒருவகை நூற்பின் தூசே அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. அதற்கு மேற்பட்டதே கட்டுப்படுத்தற்குரியது. உற்பத்தியின் வழமையான நிலையொன்று இவ்வாறு தாங்கத்தக்க நிலையாயிற்று. கேர்ஷோவும் நூற்பவரே என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது எல்லை இடம் பற்றியது. விதிகள் பிரதானமாகக் கல்நார்ப் பொருள்களை உற்பத்தி செய்யும் ஆலைகளுக்கே உரியன. கப்பற்றளங்களிலும் கொதிகலன் அறைகளிலும் குழாய்களுக்கு வெப்பக்காப்பிட்டோர் பெருமளவில் அவற்றுக்கு வெளியே நின்றனர். உலர்ந்த கல்நாரைக் கலந்து, அறுத்து, உரித்து அவர்கள் உள்ளிழுத்த தூசுக்கு அளவுகோலே இருக்கவில்லை. விதியை மீறியோர் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை.

றிச்சர்ட் டோல் 1955இல் வெளியிட்ட ஆய்வு மீண்டும் றொச்டேல் ஆலையையே பற்றியது. இருபதாண்டுக்கு மேல் உழைத்த 113 ஆண்களுள் நுரையீரற் புற்றுநோயால் ஒருவர் இறப்பதே எதிர்பார்க்கத்தக்கதாயிருக்கப் பதினொருவர் இறந்திருந்தனர். 1969இல் புதிய விதிகள் வெப்பக்காப்புத் தொழிலாளரையும் உள்ளடக்கின. அவற்றை நடைமுறைப்படுத்துகையிற் கொள்ளப்பட்ட, கன சென்ரிமீற்றருக்கு இரண்டு இழைகள் என்ற அளவு, அதே றொச்டேல் ஆலைத் தொழிலாளரின் பதிவுகளைக் கொண்டு கணிக்கப்பட்டது. அக்கணிப்பு அஸ்பெஸ்டோசிஸ் நோயைக் கருத்திற் கொண்டது. புற்றுநோயைக் கணக்கிற் சேர்க்கவில்லை. வெண்கல்நார் பிரித்தானியாவில் தடைசெய்யப்பட்டது 1999இலேயே.