நோயும் குற்றமும்: நீதிமன்றம் கேட்கும் கணம், மருத்துவம் காணும் காலம்

மனநோய் உள்ள ஒருவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டதும் பொதுவெளியில் இரண்டு குரல்கள் எழுகின்றன. மனநோயாளிகள் ஆபத்தானவர்கள், அவர்களை அடைத்து வைக்க வேண்டும் என்கிறது ஒன்று. மனநோய்க்கும் வன்முறைக்கும் தொடர்பே இல்லை என்கிறது மற்றொன்று. பின்னது நோயாளிகளின் மானம் காக்கும் நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆயினும் தரவுகள் இரண்டையும் ஏற்கவில்லை. தொடர்பு உண்டு; அது குறுகலானது, நிபந்தனைகளுக்கு உட்பட்டது. நமது குற்றவியல் நடைமுறை அந்த நிபந்தனைகளைக் கவனிப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சுவீடனின் தேசியப் பதிவேடுகளைக் கொண்டு ஃபசல் தலைமையிலான குழு 2009இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். மனச்சிதைவு நோய் கண்டறியப்பட்ட 8,003 பேரில் 13.2 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தனர். ஒப்பிடப்பட்ட பொதுமக்களில் இது 5.3 விழுக்காடு. இதோடு நிறுத்தினால் முதல் குரல் வென்றுவிடும். ஆனால் நோயாளிகளை மது, போதைப்பொருள் பழக்கம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்ததும் படம் மாறுகிறது. பழக்கம் உள்ளவர்களில் 27.6 விழுக்காடு, இல்லாதவர்களில் 8.5 விழுக்காடு. நோயில்லாத உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது, போதைப் பழக்கமுள்ள நோயாளிகளிடம் தெரிந்த கூடுதல் அபாயமும் வெகுவாகக் குறைந்தது. அதாவது நோயின் கணக்கில் நாம் எழுதும் வன்முறையில் ஒரு பகுதி குடும்பச் சூழலுக்கும் மரபுக்கும் உரியது. அமெரிக்காவின் மெக்ஆர்தர் ஆய்வும் 1998இல் இதே திசையைக் காட்டியது: மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களில் போதைப் பழக்கம் இல்லாதோர், அதே தெருக்களில் வாழ்ந்த, அப்பழக்கம் இல்லாத அண்டை வீட்டாரைவிட அதிக வன்முறையில் ஈடுபடவில்லை.

சிகிச்சையின் பங்கும் அளக்கப்பட்டிருக்கிறது. உளப்பிறழ்வுக்கான மருந்தை நோயாளிகள் பெற்றுவந்த காலங்களில், மருந்து இல்லாத காலங்களைவிட அவர்களது வன்முறைக் குற்றங்கள் 45 விழுக்காடு குறைந்திருந்தன என்று 2014இல் மற்றொரு சுவீடன் ஆய்வு கண்டது. ஒரே மனிதரின் இருவேறு காலங்களை ஒப்பிடும் முறை என்பதால் இந்த முடிவுக்குத் தனி வலிமை உண்டு. ஆக, ஆபத்து நோயின் பெயரில் இல்லை. மருந்து நின்றுபோன மாதங்களிலும் போதை சேர்ந்த இரவுகளிலும் அது இருக்கிறது.

சட்டம் கேட்பது வேறு கேள்வி. 1843இல் லண்டனில் டேனியல் மெக்நாட்டன், பிரதமர் ராபர்ட் பீலின் செயலர் எட்வர்ட் டிரம்மண்டைச் சுட்டுக் கொன்றார். டோரி கட்சியினர் தம்மைத் துன்புறுத்துகிறார்கள் என்ற பொய்யான, அசைக்க முடியாத நம்பிக்கை அவரை ஆட்கொண்டிருந்தது. அவரது விடுதலை எழுப்பிய சினத்தில் நீதிபதிகள் வகுத்த விதிகளே 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாயின. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாகத் தொடர்கின்றன. செயலின் தன்மையையோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்பதையோ அறிய இயலாத நிலையில் ஒருவர் அந்தக் கணத்தில் இருந்தாரா என்பது மட்டுமே அவற்றின் வினா. தாம் துப்பாக்கியால் ஒரு மனிதரைச் சுடுகிறோம் என்று மெக்நாட்டனுக்குத் தெரிந்திருந்தது. அவர் பெயரால் வழங்கும் விதிகளைக் கண்டிப்பாகப் பயன்படுத்தியிருந்தால் அவரே தப்பியிருப்பாரா என்பது ஐயம்.

இந்தக் குறுகிய வினாவைக்கூட நாம் நேர்மையாக விசாரிப்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் மனநிலையை ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவின் அளவில் காட்டினால் போதும் என்றும், செயலுக்கு முன்னும் உடனிகழ்வாகவும் பின்னும் அமைந்த சூழ்நிலைகளிலிருந்து அதை அறியலாம் என்றும் தாகியாபாய் தக்கர் வழக்கில் 1964இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் பல வழக்குகளில் மருத்துவர் அழைக்கப்படுவதோ விசாரணை தொடங்கிய பிறகுதான். அதற்குள் மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம், அறிகுறிகள் அடங்கியிருக்கலாம். அடங்கிய மனிதரைப் பார்த்துவிட்டு, பழைய கணத்தில் அவர் எப்படி இருந்தார் என்று சொல்வது எந்த வல்லுநருக்கும் கடினம். அந்த வெற்றிடம் குற்றம் சாட்டப்பட்டவருக்கே பாதகமாகிறது.

விசாரணையைத் தாங்கும் நிலையில் இல்லை என்று முடிவானால் நேரும் கேடு இன்னும் பெரிது. அசாமின் மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் நலமடைந்தார் என்று மருத்துவர்கள் சான்றளித்தனர். அவரை வீட்டுக்கு அனுப்பாமல் சிறைக்கு மாற்றினார்கள். வழக்கு விசாரணையே நடவாமல் 54 ஆண்டுகள் அடைபட்டிருந்து, 2005இல் வெளிவந்தார். இரண்டு ஆண்டுகளில் இறந்தார். குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தாலாவது தண்டனைக் குறைப்பு, முன்விடுதலை என்று அவருக்காகக் கேட்க ஏதேனும் இருந்திருக்கும். நோயாளி என்று குறிக்கப்பட்டதால் கணக்கிலிருந்தே விழுந்துபோனார். இதைத் தற்செயலான கவனக்குறைவு என்று என்னால் ஏற்க முடியவில்லை. காலவரம்பற்ற காவலைக் கருணையாக எண்ணும் சிந்தனையின் விளைவு இது.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முந்தைய மனநோய் பற்றிக் குடும்பத்தார் சொன்னாலும், கைதானவரின் நடத்தையில் குறி தென்பட்டாலும், நீதிமன்றக் காவலின் முதல் வாரத்துக்குள் மனநல மருத்துவர் பரிசோதித்து எழுத வேண்டும். அது வாக்குமூலமாகத் திரிக்கப்படும் என்ற அச்சம் நியாயமானது. எனவே சம்பவம் பற்றி அவர் சொல்வதை விலக்கி, மனநிலையையும் அறிகுறிகளையும் மட்டும் பதியும் விதி வேண்டும். விடுதலையாகும்போது மருந்தும் போதை மீட்புச் சிகிச்சையும் மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியே அறுபடாமல் தொடர வேண்டும்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆம் பிரிவு, மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சை நிலையம் அமைக்கச் சொல்கிறது. ஒன்று போதாது. ஒவ்வொரு மத்தியச் சிறையிலும் அது அமைய வேண்டும். உயர் நீதிமன்றங்கள் அதை மாநில அரசுகளிடம் காலக்கெடு விதித்துக் கேட்க வேண்டும்.