கூடி உசாவும் கல்வி

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் என்றதும் நினைவிற்கு வருபவர், அவ்வூரின் உழவர் குடியில் 1895ஆம் ஆண்டு தோன்றிய ஓ. பி. இராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கிய அவருடைய காலத்தில், தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக விளங்கினார். நூலக அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதனின் நெடுநாள் முயற்சி அவ்வாட்சியிலேயே கனிந்தது. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் என்னும் பெருமையை உடையது. சொத்து வரியோடு சேர்த்துத் தண்டப்படும் நூலக வரியால், சிற்றூர்களுக்கும் நூல்கள் சென்று சேர வழி பிறந்தது.

நூல் ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் ஊரார் உள்ளத்தில் அது புகுந்ததா என்பது வேறு வினா. எழுத்துக் கூட்டி ஒலிப்பது ஒன்று. படித்ததன் பொருளை உணர்வது மற்றொன்று. பாடத்தைத் தடையின்றி வாசித்து முடித்த மாணவன், அதில் என்ன கூறப்பட்டது என்று கேட்டதும் வாய் திறவாமல் நிற்பது எல்லாப் பள்ளிகளிலும் காணும் காட்சியே. இக்குறையைத் தீர்க்கும் வழியைத் தமிழ் மரபு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் யாத்த பவணந்தி முனிவர் கூறும் கணக்கு வியப்பிற்குரியது. ஆசிரியர் சொன்னதை முழுதும் உள்ளத்தில் கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் கால்பங்கே. உடன் பயில்வாரோடு கூடிப் பழகுவதால் மற்றொரு கால்பங்கு கிட்டும். கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கு நிறைவுறும். வினவுதலையும், வினவியவற்றிற்கு விடையளித்தலையும் மாணவனின் கடமைகளுள் அவர் சேர்த்துள்ளார். புலமையின் முக்கால் பங்கு சக மாணவர் நடுவே விளைவது என்னும் இக்கருத்து, இன்றைய கல்வியியலார் குழுக் கலந்துரையாடல் என்று வழங்குவதன் சாரமேயாகும்.

இதற்குச் சிறந்த சான்று உ. வே. சாமிநாதையர் வாழ்வில் உண்டு. 1880இல் குடந்தைக் கல்லூரித் தமிழாசிரியராக அமர்ந்த அவரிடம், அங்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். இருவரும் கூடி அந்நூலைப் படிக்கத் தொடங்கினர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற பெரும்புலவருக்கே, சொல் விளங்கிய இடத்தும் பொருள் விளங்காத பகுதிகள் பலவாயின. குடந்தையில் வாழ்ந்த சமணர் இல்லங்களுக்குச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் ஐயங்களை உசாவித் தெளிந்த பின்னரே அவருக்கு நூலின் வாயில் திறந்தது. 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு தனியறையில் மட்டும் உருவான ஒன்றன்று. பவணந்தியாரும் ஒரு சமண முனிவர். தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் திகழும் மேல்சித்தாமூர் திண்டிவனத்திற்கு நெடுந்தொலைவில் இல்லை. இந்நிலப்பகுதிக்கும் உசாவிக் கற்கும் மரபிற்கும் அந்த வகையில் உறவுண்டு.

திண்ணைப் பள்ளிகளிலும் மாணவர்க்கு மாணவர் கற்பித்தனர். சென்னையில் அம்முறையைக் கண்ட ஆண்ட்ரூ பெல் 1797இல் நூலாக எழுத, அது இங்கிலாந்தில் சென்னை முறை எனப் பெயர் பெற்றுப் பரவியது. ஆயினும் அங்கு மூத்த மாணவன் இளையவனுக்கு ஒப்புவிக்கக் கற்பித்தானேயன்றிப் பொருள் உசாவக் கற்பிக்கவில்லை. மனனம் முந்தியது, பொருள் பிந்தியது. பின்வந்த வகுப்பறைகளிலும் ஆசிரியர் உரைக்க மாணவர் எழுதிக்கொள்வதே வழக்காயிற்று. நன்னூலார் கூறிய முதற் கால்பங்கோடு கல்வி நின்றுவிட்டது.

இதே குறையை அமெரிக்கப் பள்ளிகளில் ஆராய்ந்த அன்னமேரி பலின்சார், ஆன் பிரௌன் என்னும் இரு அறிஞர்கள் 1984இல் ஒரு முறையை வெளியிட்டனர். நன்றாக வாசித்தும் பொருள் உணராத ஏழாம் வகுப்பு மாணவரைச் சிறு குழுக்களாக அமர்த்தி, ஒரு பத்தியைப் படித்ததும் நான்கு செயல்களைச் செய்யப் பழக்கினர். படித்ததைச் சுருக்கிக் கூறுதல், அதைப் பற்றி வினா எழுப்புதல், விளங்காததைத் தெளிவுபடுத்துதல், அடுத்து வருவதை ஊகித்தல் என்பன அவை. முதலில் ஆசிரியர் செய்து காட்டுவார். பின்னர் மாணவர் ஒவ்வொருவராகத் தலைமை ஏற்பர். ஆசிரியர் சிறிது சிறிதாக விலகிக்கொள்வார்.

இம்முறை செயற்படும் விதத்தை ஓர் எளிய எடுத்துக்காட்டால் உணரலாம். மழைக்கு முன்பே ஏரி மதகு செப்பனிடப்பட்டது, அவ்வாண்டு கடைமடையும் விளைந்தது என்று ஒரு பாடம் கூறுவதாகக் கொள்வோம். இரண்டிற்கும் உள்ள தொடர்பைப் பாடம் சொல்லவில்லை. கடைமடை என்றால் என்ன என்று ஒரு மாணவி கேட்பாள். வாய்க்காலின் கோடியில் உள்ள நிலம் என்று உழவர் வீட்டுப் பிள்ளை விடை கூறுவான். மதகு பழுதானால் நீர் வீணாகும், கோடிக்கு எட்டாது என்று மற்றொருவன் முடிச்சை அவிழ்ப்பான். நூலில் எழுதப்படாத பொருள், பலர் அறிவு ஒன்றுசேர்ந்த இடத்தில் வெளிப்படுகிறது. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையும் அங்கு கொடுப்பவனாகிறான்.

தமிழ்நாட்டிலும் மாற்றம் வந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் பட்டறிவைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதையடுத்து நடுநிலை வகுப்புகளுக்கு வந்த படைப்பாற்றல் கல்வி முறையில், படித்தல், மனவரைபடம் வரைதல், குழுவில் தொகுத்தல், வகுப்பில் எடுத்துரைத்தல் என்பன படிநிலைகளாயின. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தின் இழப்பை ஈடுசெய்ய வகுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 2021 அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கப்பெற்ற இடமும் விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பமே. மாலை வேளைகளில் தன்னார்வலரைச் சூழ்ந்து சிறு குழுவாகப் பிள்ளைகள் அமர்ந்தனர்.

எனினும் வட்டமாக அமர்வதாலேயே உசாவுதல் நிகழ்ந்துவிடாது. துடிப்பான இருவர் பேச ஏனையோர் கேட்டிருப்பின் அது பழைய வகுப்பறையே. ஆசிரியரே விடை கூறிவிடின் வினா இறந்துவிடும். படிநிலைகள் பதிவேட்டிற்காக நிறைவேற்றப்படின் அவையும் ஒருவகை மனனமே. வழிநடத்துவோர் வினாவைத் தேர்ந்து தொடுத்து, தயங்குவோர்க்கு வாய்ப்பளித்து, தக்க நேரத்தில் ஒதுங்கி நிற்கும் பக்குவம் பெறவேண்டும்.

ஓமந்தூரார் ஆட்சியில் பிறந்த சட்டம் நூலை ஊருக்குக் கொணர்ந்தது. அந்நூலைச் சுற்றிப் பத்துப் பேர் கூடி, இதற்கு என்ன பொருள் என்று ஒருவரையொருவர் கேட்கும்போதுதான் அச்சட்டத்தின் நோக்கம் நிறைவேறும். நன்னூலார் வகுத்த முக்கால் பங்கு, அந்தக் கூட்டத்தில்தான் காத்திருக்கிறது.